60 நாள்: ஒன்ராறியோவில் சப் எடுத்து வேலை செய்யும் உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் உறவுகளே,

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜக்ஸிலும் பிரம்ப்டனிலும் ட்ரைவோல், டைல்ஸ், பெயின்ட், பிளம்பிங், எலெக்ட்ரிக்கல், பிரேமிங், கொன்கிரீட் என்று சப் (துணை ஒப்பந்தம்) எடுத்துச் செய்கிறவர்களுக்கும், வீட்டுக்காரரிடம் நேரே பேஸ்மென்ட் வேலை எடுக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறோம். கட்டுமான வேலையில் நின்றுபோன காசை மீட்கும் கோப்புகளைப் பார்ப்பது எங்கள் தொழில். தமிழர்களின் கோப்புகளில் திரும்பத் திரும்ப ஒன்றைப் பார்க்கிறோம்: வேலை ஒழுங்காக முடிந்திருக்கும், வரவேண்டிய காசும் உண்மையானதாக இருக்கும், நாள் மட்டும் கடந்துபோயிருக்கும்.

“தம்பி, வாற கிழமை செக் தாறன்.” சொல்பவர் ஊரவர், அல்லது மச்சானின் கூட்டாளி, அல்லது கோயிலில் காணும் அண்ணை. அவரிடம் கடிதம் நீட்டக் கூச்சமாக இருக்கும். அப்படியே எட்டுக் கிழமை ஓடிவிடும். லீன் பதிய ஒன்ராறியோவின் கட்டுமானச் சட்டம் உங்களுக்குத் தரும் காலமோ எட்டரைக் கிழமைதான்.

லீன் என்பது நீங்கள் உழைப்போ பொருளோ கொடுத்து மேம்படுத்திய அந்தக் காணியின்மீதே விழும் உரிமைக்கோரிக்கை. ஒப்பந்தம் மெயின் கொன்ட்ராக்டரோடு இருந்தாலும் உங்கள் லீன் வீட்டுச் சொந்தக்காரரின் காணி உறுதியில் ஏறும். அது அங்கே இருக்கும்வரை அவர் அந்தச் சொத்தை விற்பதும் மறுபடி அடகு வைப்பதும் சிக்கல். வங்கியும் கட்டுமானக் கடனின் அடுத்த தவணையைப் பிடித்துவைக்கும். அதனால்தான் பல மாதமாக எடுக்காத தொலைபேசியை லீன் பதிந்ததும் எடுக்கிறார்கள்.

1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் லீன் பதிய 45 நாள் இருந்தது. 2018 ஜூலை 1 முதல் அது 60 நாள். பலர் தவறுவது இந்த 60 நாள் எங்கிருந்து தொடங்குகிறது என்பதில்தான். கடைசி இன்வொய்ஸ் அனுப்பிய நாளிலிருந்தோ, காசு தருவதாகச் சொன்ன நாளிலிருந்தோ, செக் திரும்பிய நாளிலிருந்தோ அல்ல. சப் என்றால் நீங்கள் அந்த சைட்டில் கடைசியாக உழைப்போ பொருளோ கொடுத்த நாளிலிருந்து எண்ணுங்கள். சொந்தக்காரரோடு நேரடி ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம் முடிந்த, கைவிடப்பட்ட அல்லது முறிக்கப்பட்ட நாளிலிருந்து. வேலை பெரும்பாலும் முடிந்தது என்ற சான்றிதழ் அதற்கு முன்னரே கட்டுமானத் துறைப் பத்திரிகையில் வெளியாகியிருந்தால், அதுவரை செய்த வேலைக்கு அந்த வெளியீட்டு நாளே தொடக்கம். இதைச் சப்புகள் கவனிப்பதே இல்லை. பெரிய சைட் என்றால் டெய்லி கமர்ஷியல் நியூஸ் போன்ற வெளியீடுகளில் அந்த முகவரியைக் கிழமைக்கு ஒருமுறை தேடிப்பாருங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் கடைசியாக வேலை செய்தது 2026 மார்ச் 9, திங்கட்கிழமை. மே 8, வெள்ளிக்கிழமைக்குள் லீன் காணிப் பதிவேட்டில் ஏறியிருக்கவேண்டும். பதிந்துவிட்டால் போதும் என்று இருந்துவிடவும் முடியாது. மே 8இலிருந்து 90 நாள், அதாவது ஓகஸ்ட் 6க்குள், உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து அதற்கான சான்றிதழையும் உறுதியில் பதிய வேண்டும். லீனை முதல் கிழமையிலேயே பதிந்தாலும் இந்த 90 நாள் மே 8இலிருந்துதான் ஓடும். வழக்குப் போட்டபின் இரண்டு வருடத்துக்குள் விசாரணைக்கு நாள் குறிக்காவிட்டால் லீன் அதோடு போய்விடும். லீன் பத்திரத்தில் உள்ள சிறு எழுத்துப் பிழையை நீதிமன்றம் பொறுக்கலாம். தவறிய நாளைப் பொறுக்காது.

இங்கே ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லவேண்டும். 60 நாள் கடந்தபின் சைட்டுக்குப் போய் ஒரு சுவிட்ச் பிளேட்டை மாட்டிவிட்டு, அல்லது டைல்ஸ் இடுக்கில் கொஞ்சம் கிரௌட் பூசிவிட்டு, “இன்றைக்குத்தான் கடைசி நாள்” என்று எழுதுவது. பிழை திருத்தப் போன நாளும், வாரண்டிக்குப் போன நாளும், லீனைக் காப்பாற்றுவதற்கென்றே போன நாளும் காலத்தை நீட்டாது. நேரடி ஒப்பந்தத்தில் இன்னும் கடுமை: மீதி வேலையின் பெறுமதி ஒப்பந்த விலையில் 1 சதவீதம் அல்லது 5,000 டொலர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேற்படாவிட்டால் ஒப்பந்தம் முடிந்ததாகவே சட்டம் கொள்ளும். 80,000 டொலர் பேஸ்மென்ட் வேலையில் 800 டொலருக்குக் குறைவான டச்சப் மட்டும் மீதி என்றால் உங்கள் நாள் ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டது.

அடுத்தது ஹோல்ட்பாக். சொந்தக்காரர் மெயினுக்கும், மெயின் உங்களுக்கும், நீங்கள் உங்களுக்குக் கீழே உள்ள சப்புக்கும் கொடுக்கும்போது ஒவ்வொரு படியிலும் 10 சதவீதம் பிடித்துவைக்கவேண்டும் என்பது சட்டம். உங்களுக்குக் காசு தராமல் மெயின் ஓடிவிட்டாலும் சொந்தக்காரர் கையில் இருக்கவேண்டிய இந்த 10 சதவீதத்தில் உங்கள் லீன் விழும். அவர் பிடித்துவைக்காமல் முழுவதையும் மெயினுக்குக் கொடுத்திருந்தால் அது அவருடைய நட்டம். ஆனால் கொன்கிரீட்டும் பிரேமிங்கும் செய்கிறவர்களுக்கு இதில் ஒரு பொறி உண்டு. நீங்கள் வேலை முடித்து மே மாதம் வெளியேறுகிறீர்கள். கட்டிடம் முடிய அடுத்த வருடமாகும். உங்கள் 10 சதவீதம் கடைசிவரை அங்கேயே கிடக்கும், உங்கள் லீனோ ஜூலையிலேயே செத்துப்போகும். இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது: உங்கள் சப் ஒப்பந்தம் மட்டும் முடிந்தது என்று சான்றிதழ் தரும்படி எழுத்தில் கேளுங்கள். அது கிடைத்து 60 நாள் கழிந்து, லீன் எதுவும் மீதி இல்லை என்றால் உங்கள் பங்கு ஹோல்ட்பாக்கை விடுவிக்க வழி திறக்கும். கேட்காமல் யாரும் இதைத் தரமாட்டார்கள். 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள் ஹோல்ட்பாக்கை ஆண்டுதோறும் விடுவிப்பதைக் கட்டாயமாக்கியிருப்பதால் நீண்டு இழுபடும் சைட்களில் நிலைமை கொஞ்சம் நல்லதாகும். உங்கள் ஒப்பந்தத்துக்கு அது எந்த நாளிலிருந்து பொருந்தும் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

லீன் போடும் நிலைக்கு வருமுன் காசு வர ஒரு வழி 2019 ஒக்டோபர் 1 முதல் இருக்கிறது. முறையான இன்வொய்ஸ் கையில் கிடைத்த 28 நாளுக்குள் சொந்தக்காரர் மெயினுக்குக் கொடுக்கவேண்டும். கொடுக்க மறுத்தால் 14 நாளுக்குள் உரிய படிவத்தில் காரணத்தோடு எழுதவேண்டும். காசு கிடைத்த 7 நாளுக்குள் மெயின் உங்களுக்குக் கொடுக்கவேண்டும். சொந்தக்காரர் தரவில்லை என்று மெயின் கைவிரித்தால் அதையும் எழுத்தில் தந்து, 21 நாளுக்குள் சொந்தக்காரரை நடுவரிடம் கொண்டுபோவதாக உறுதியும் தரவேண்டும். “அவர் எனக்கே இன்னும் தரேல்லை” என்ற வாய்ப்பேச்சு மட்டும் போதாது. இந்தக் கடிகாரம் ஓடுவது மெயின் சொந்தக்காரருக்குக் கொடுக்கும் இன்வொய்ஸிலிருந்து. உங்கள் வேலை அந்த மாத இன்வொய்ஸுக்குள் போகவில்லை என்றால் உங்களுக்கு எந்தக் கடிகாரமும் ஓடாது. ஆகவே மெயின் எந்த நாளில் பில் போடுகிறார் என்று முதலிலேயே கேட்டு, அதற்கு நாலைந்து நாள் முன்னர் உங்களுடையதைக் கொடுத்துவிடுங்கள்.

இன்வொய்ஸில் என்ன இருக்கவேண்டும்? உங்கள் பெயர், முகவரி, இன்வொய்ஸ் திகதி, எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை செய்த வேலை, எந்த ஒப்பந்தத்தின்கீழ், என்ன வேலை, எவ்வளவு, தரவேண்டிய தொகை, எப்போது, காசு யாருக்கு அனுப்பவேண்டுமோ அவருடைய பெயர், பதவி, தொலைபேசி, முகவரி. “டைல்ஸ் வேலை 6,500” என்று ஒரு வரியில் எழுதித் தருவது வீட்டுக்காரருக்கு நீங்களே தரும் சாக்கு. “2ஆம் மாடி, இரண்டு குளியலறை, தரையும் சுவரும், 310 சதுர அடி, பெப்ரவரி 9 முதல் 20 வரை” என்று எழுதுங்கள். வீட்டுக்காரரோடு நேரடி வேலை என்றால் புதிய திருத்தத்தில் இன்னொரு பாதுகாப்பு உண்டு: இன்வொய்ஸில் குறை இருப்பதாக 7 நாளுக்குள் அவர் எழுதாவிட்டால் அது முறையானதாகவே கொள்ளப்படும்.

காசு வராவிட்டால், கட்டுமானப் பிணக்குகளுக்கு நடுவர்களை ஏற்பாடு செய்யும் ஓடாக் (ODACC) என்ற அமைப்பின் வழியாக நடுவரிடம் போகலாம். நடுவர் நியமனமாகி 5 நாளுக்குள் உங்கள் ஆவணங்களைக் கொடுக்கவேண்டும். அவை கிடைத்து 30 நாளுக்குள் அவர் தீர்ப்புச் சொல்லவேண்டும். அதன்பின் 10 நாளுக்குள் காசு தரப்படவேண்டும். தராவிட்டால் வேலையை நிறுத்தும் உரிமை உங்களுக்குண்டு. முன்பு ஒப்பந்தம் முடிந்தபின் இந்தக் கதவு மூடிவிடும். இப்போது முடிந்து 90 நாள்வரை திறந்திருக்கும். 10,000, 15,000 டொலர்ப் பிணக்குகளுக்கு இதுதான் பொருத்தம் என்பது எங்கள் எண்ணம். லீன் வழக்கின் சட்டச் செலவு அந்தத் தொகையில் பாதியைத் தின்றுவிடும். ஆனால் நடுவரிடம் போனதால் லீன் நாள் நின்றுவிட்டது என்று நினைக்கவேண்டாம். நடுவரிடம் போன அந்தப் பிணக்குக்கான லீன் நாள் மட்டும் கொஞ்சம் நீள இடமுண்டு. அதுவும் லீன் காலத்துக்குள் தொடங்கியிருந்தால். லீன் நாளையும் நடுவரிடம் போகும் நாளையும் தனித்தனியாகவே குறித்துவையுங்கள்.

லீன் பத்திரத்துக்குத் தேவையான தகவல்களைக் கடைசிக் கிழமையில் தேடத் தொடங்கினால் தொலைந்தீர்கள். உங்களை வேலைக்குக் கூப்பிட்டவர் சிவா அண்ணையாக இருக்கலாம். உங்கள் ஒப்பந்தமோ பெயருக்குப் பதில் எண் மட்டும் உள்ள ஏதோ ஓர் இலக்கக் கம்பனியோடு. செக்கில் அச்சிட்டிருக்கும் பெயரைப் படம் எடுத்து வையுங்கள். அதை ஒன்ராறியோ வணிகப் பதிவேட்டில் சரிபாருங்கள். சொந்தக்காரரின் பெயரையும் காணியின் அடையாள இலக்கத்தையும் ஒன்ராறியோ காணிப் பதிவேட்டின் ஒன்லாண்ட் தளத்தில் எடுக்கலாம். லீன் பதிவில் முகவரி சரியாக இருந்து காணி இலக்கம் பக்கத்து வீட்டுடையதாக இருந்தால் அந்த லீன் பக்கத்து வீட்டில்தான் ஏறும். வரிசை வீடுகளிலும் பிரிக்கப்பட்ட காணிகளிலும் இது நடக்கிறது. எக்ஸ்ட்ரா வேலைகளை வட்ஸ்அப்பிலாவது எழுத்தாக்குங்கள்: “அண்ணை, பின் சுவருக்கு இன்னொரு லேயர் ட்ரைவோல் சொன்னீங்கள், 1,150 டொலர், சரிதானே?” அவர் போடும் கட்டைவிரல் படமே பின்னர் சாட்சி. வாய்மொழி ஒப்பந்தத்துக்கும் லீன் உண்டு; நிரூபிக்கத்தான் ஏதாவது வேண்டும்.

காசு தாமதமாகும் என்று மணம் வந்தவுடனே 39ஆம் பிரிவின்கீழ் சொந்தக்காரருக்கும் மெயினுக்கும் ஒரு கடிதம் போடுங்கள். ஒப்பந்த விலை எவ்வளவு, இதுவரை கொடுத்தது எவ்வளவு, கொடுப்பனவுப் பிணைப் பத்திரம் (மெயின் தராவிட்டால் சப்புகளின் காசுக்குப் பிணை நிற்கும் பத்திரம்) உண்டா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அவர்கள் 21 நாளுக்குள் பதில் தரவேண்டும். 60இல் 21 போய்விடும் என்பதால் 20ஆம் நாளைத் தாண்டவேண்டாம். இதில் சண்டை எதுவும் இல்லை. கணக்குக் கேட்கிறீர்கள், அவ்வளவுதான். அடுத்த படி லீன் பற்றிய எழுத்து அறிவித்தல். அது கிடைத்தபின் சொந்தக்காரர் 10 சதவீதத்துக்கு மேலதிகமாக உங்கள் தொகையையும் பிடித்துவைக்கவேண்டும். மெயினுக்கு அடுத்த பெரிய தவணை போகுமுன் இது போய்ச் சேரவேண்டும். போனபின் அனுப்பினால் அதில் பிடிக்க எதுவும் இராது. அறிவித்தல் அனுப்பியது லீன் பதிந்ததாக ஆகாது என்பதையும் மறக்கவேண்டாம்.

தொகையைக் கூட்டி எழுதவே கூடாது. வேண்டுமென்றே பெருப்பித்த லீனுக்கு நட்டஈடு கொடுக்கவேண்டிவரும் என்று 35ஆம் பிரிவு சொல்கிறது. வட்டியை லீனுக்குள் சேர்க்கமுடியாது. அதை வழக்கில் தனியாகக் கேளுங்கள். மெயின் அல்லது சொந்தக்காரர் நீதிமன்றத்தில் பணம் கட்டியோ பிணை கொடுத்தோ லீனை உறுதியிலிருந்து எடுத்துவிட்டால் பயப்படவேண்டாம். லீன் தொகையோடு 25 சதவீதமும் சேர்த்து (அந்த மேலதிகத்துக்கு உச்சம் 250,000 டொலர்) கட்டவேண்டும். 40,000 டொலர் லீனுக்கு 50,000 டொலர் நீதிமன்றத்தில் இருக்கும், உங்கள் கோரிக்கை இனி அந்தப் பணத்தின்மீது. ஆனால் வழக்கு மட்டும் அந்த 90 நாளுக்குள் போட்டே ஆகவேண்டும்.

பிளாசாக்களில் உணவகம், நகைக்கடை, சலூன் வேலை எடுக்கிறவர்கள் கூடுதல் கவனம் எடுக்கவேண்டும். உங்களை அழைத்தவர் வாடகைக்காரர். லீன் அவருடைய குத்தகை உரிமையில்தான் ஏறும்; கடை மூடினால் அதன் பெறுமதி சுழி. குத்தகை ஒப்பந்தத்தின்கீழ் கட்டிடச் சொந்தக்காரர் வேலைச் செலவில் ஒரு பங்கைத் தருகிறார் என்றால் அந்தப் பங்கின் 10 சதவீதம்வரை அவருடைய உரிமையிலும் லீன் ஏறும். வேலை தொடங்குமுன் அதைக் கேளுங்கள், முற்பணத்தைக் கூட்டி வாங்குங்கள். அரசாங்கக் கட்டிடம், நகரசபை வேலை என்றால் காணியில் லீன் ஏறாது. உரிய அலுவலகத்திடமோ நகரசபை எழுத்தரிடமோ கோரிக்கையைக் கையளிக்கவேண்டும். 500,000 டொலரோ அதற்கு மேலோ உள்ள பொது ஒப்பந்தங்களில் கொடுப்பனவுப் பிணைப் பத்திரம் கட்டாயம் இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

லீன் நாள் போய்விட்டால் எல்லாம் போய்விட்டதா? இல்லை. ஒரு வேலைக்காக மெயினுக்கு வந்த காசு, அந்த வேலையின் சப்புகளுக்காக அவர் கையில் இருக்கும் நம்பிக்கைப் பணம் என்று 8ஆம் பிரிவு சொல்கிறது. சப்புகளுக்குக் கொடுத்து முடிக்குமுன் அதைத் தன் வேறு தேவைக்கு எடுக்கமுடியாது. எடுத்தால் கம்பனியோடு சேர்த்து, அதற்குச் சம்மதித்த டைரக்டரும் 13ஆம் பிரிவின்கீழ் தன் சொந்தக் கையால் பொறுப்பேற்கவேண்டும். கம்பனியை மூடிவிட்டு வேறு இலக்கத்தில் திறந்தாலும் இது விடாது. இதற்குக் காலம் பொதுவாக இரண்டு வருடம். 50,000 டொலர்வரை சிறு வழக்கு நீதிமன்றத்திலேயே கேட்கலாம்.

எங்களுடைய தமிழ் மெயின் கொன்ட்ராக்டர்களுக்கும் இந்த இடத்தில் ஒரு சொல். மார்க்கம் வேலையின் காசை எடுத்து விட்பி வேலையின் பழைய கடனை அடைப்பது நம் தொழிலில் சாதாரணமாகிவிட்டது. மோசடி எண்ணம் இல்லாதவர்களும் செய்கிறார்கள். அது நம்பிக்கைப் பண மீறல், உங்கள் வீடே அதற்கு ஆபத்தில் நிற்கலாம். ஒவ்வொரு வேலைக்கும் வந்தது, போனது, யாருக்கு என்று தனித்தனியாக எழுதிவைக்கும்படி சட்டமே கேட்கிறது. லீன் போட்ட சப்பைத் துரோகி என்று ஊர் முழுக்கச் சொல்லி அடுத்த வேலையைத் தடுப்பதையும் தயவுசெய்து விடுங்கள். அவர் கேட்பது தன் ஆட்களுக்குக் கொடுக்கவேண்டிய கூலி.

சப்புகளே, “லீன் போடமாட்டேன்” என்று வேலை தொடங்குமுன் கையெழுத்து வாங்கியிருந்தால் பயப்படவேண்டாம். 4ஆம் பிரிவின்படி அது செல்லாது. ஆனால் சீசீடீசீ 9பி என்ற சத்தியக் கூற்றை வாசிக்காமல் கையெழுத்திடாதீர்கள். உங்களுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கொடுத்துவிட்டதாக நீங்கள் சத்தியம் செய்யும் பத்திரம் அது. கொடுக்காமல் கையெழுத்திட்டால் பொய்ச் சத்தியம்.

இன்றைக்கே செய்யக்கூடியது இது. காசு நிற்கும் ஒவ்வொரு சைட்டுக்கும் கடைசியாக வேலை செய்த நாளைத் தொலைபேசி நாட்காட்டியில் போடுங்கள். அதிலிருந்து 20ஆம் நாள் தகவல் கேட்கும் கடிதம், 35ஆம் நாள் எழுத்து அறிவித்தல், 45ஆம் நாள் ஆவணங்களோடு வழக்கறிஞர். 58ஆம் நாள் மாலை வந்து கதவைத் தட்டினால் காணி இலக்கத்தைச் சரிபார்க்கவே நேரம் போதாது. கல்கரியிலோ வன்கூவரிலோ வேலை செய்கிறவர்கள் இந்த நாட்களை அப்படியே எடுக்கவேண்டாம். அல்பேட்டாவில் பொதுவாக 60, பிரிட்டிஷ் கொலம்பியாவில் 45; தொடங்கும் நாளும் மற்ற விதிகளும் வேறு.

தோழமையுடன்,
ரொறன்ரோவில் கட்டுமானக் கொடுப்பனவுக் கோப்புகளில் வேலை செய்யும் சில தமிழர்கள்